லோகநாயகி கூடை ஏத்தி விட்ட வழக்கு

நான் சடையப்பன். சிதம்பரம் கோர்ட்டுல வக்கீல் குமாஸ்தா. இருபத்திரெண்டு வருஷமா விபத்து வழக்குக்கு மனு எழுதறதுதான் என் பொழப்பு. கை ஒடிஞ்சவங்க, கால் போனவங்க, வீட்டுக்காரரைப் பறிகொடுத்தவங்கன்னு என் மேஜைக்கு முன்னாடி உக்காராத ஆளு கிடையாது. வர்றவங்க எல்லாரும் மொதல்ல கேக்கறது ஒரே கேள்விதான்: "எவ்வளவு சார் வரும்?" அதைக் கேட்டாலே எனக்கு எரிச்சல் வரும். நான் என்ன இங்க தராசா வச்சிருக்கேன்?

லோகநாயகி அக்கா அந்தக் கேள்வியைக் கேக்கல. பரங்கிப்பேட்டைக்கு வடக்கால ஒரு மீனவக் கிராமம் அவுங்க ஊரு. வலது கையைத் தொட்டில் கட்டித் தொங்கவிட்டுக்கிட்டு, எக்ஸ்ரே கவரை இடது கக்கத்துல இடுக்கிக்கிட்டு வந்தாங்க. உக்காந்ததும், "தம்பி, மார்க்கெட்டுல உக்காந்து மீன் விக்க எனக்கு ஒரு எடம் புடிக்கணும். அதுக்கு ஆவற காசு வருமா, வராதா? அதை மட்டும் சொல்லு"ன்னாங்க.

"உங்க புள்ள பாத்துக்க மாட்டாரா?"ன்னு கேட்டேன்.

"ஏன் பாத்துக்க மாட்டான், தங்கமா பாத்துக்குவான். நான் கேட்டதுக்குப் பதில் சொல்லு."

அப்பவே தெரிஞ்சுபோச்சு, இது லேசுப்பட்ட கட்சிக்காரர் இல்லன்னு.

அவுங்க கதை பெருசா ஒண்ணும் இல்ல. வீட்டுக்காரர் மஞ்சக்காமாலையில போயிட்டாரு. அப்ப மகன் மணிவண்ணனுக்கு நாலு வயசு. மறு மாசமே அன்னக்கூடையைத் தலையில தூக்கி வச்சாங்க. விடியக்காலம் கரையில ஏலத்துல மீன் எடுத்து, அஞ்சரை மணி பஸ்ஸைப் புடிச்சு, சிதம்பரத்துல தெருத்தெருவா கூவி வித்து, மத்தியானம் வீடு திரும்பறது. இருபத்தாறு வருஷம் இதான். மணிவண்ணன் படிச்சு, செம்மங்குப்பத்துல ஒரு கம்பெனியில காண்ட்ராக்ட் வேலைக்குப் போறான். "ரெஸ்ட் எடும்மா"ன்னு அவன் சொன்னா, "நீ எடுடா"ன்னு சொல்லிட்டுக் கூடையைத் தூக்கிக்கிட்டுப் போயிடுவாங்களாம்.

அப்படிப் போன ஒரு நாள், பஸ்ஸை விட்டு எறங்கி ரோட்டோரமா நடந்தவங்களைப் பின்னாடி வந்த மினி லாரி தட்டிட்டுப் போச்சு. வலது தோள்பட்டை மூட்டு நொறுங்கி, ஆபரேஷன் பண்ணித் தகடு வச்சாங்க. அதுக்கப்பறம் அந்தக் கை தோளுக்கு மேல எழும்பல. எலும்பு டாக்டருங்க குழு பாத்து முப்பத்தஞ்சு சதவீதம் ஊனம்னு சர்டிபிகேட் குடுத்துச்சு. டிரைவர் மேல தப்புன்னு எஃப்.ஐ.ஆர். பதிவாச்சு, வண்டிக்கு இன்சூரன்சும் இருந்துச்சு. ஆக, பணம் உண்டா இல்லையாங்கறது சிக்கல் இல்ல. எவ்வளவுங்கறதுதான் சிக்கல்.

இங்கதான் ஜனங்களுக்குப் புரியாத ஒண்ணு இருக்கு. டாக்டர் சொல்ற சதவீதம் உடம்புக்கு. கோர்ட்டு பாக்கறது தொழிலுக்கு. என் தோள்பட்டை போனா நான் பாட்டுக்கு உக்காந்து மனு எழுதிக்கிட்டு இருப்பேன், எனக்கு ஒண்ணும் பெரிய நஷ்டம் இல்ல. தலையில சுமக்கறவங்களுக்கு அது போனா தொழிலே போச்சு. மாச வருமானத்தை வருஷக் கணக்காக்கி, வயசுக்குன்னு ஒரு எண் இருக்கு, அக்காவோட அம்பத்திநாலுக்குப் பதினொண்ணு, அதால பெருக்கி, தொழில்ல எத்தனை பங்கு போச்சோ அத்தனை பங்கு குடுப்பாங்க. முப்பத்தஞ்சுக்கும் நூறுக்கும் எவ்வளவு வித்தியாசம்னு நீங்களே பாத்துக்குங்க. முப்பத்தஞ்சுன்னு முடிஞ்சா, வைத்தியத்துக்கு வாங்கின கடனை அடைச்சதும் மார்க்கெட்டு எடத்துக்கு அட்வான்ஸ் குடுக்கக்கூட மிஞ்சாது.

இது போக வைத்தியச் செலவு, வலி வேதனை, சத்தான சாப்பாடு, கூட இருந்து பாத்துக்கிட்டவங்களுக்குன்னு தனித்தனித் தலைப்பு உண்டு. கடைசியில, வாழ்க்கையில இழந்த சந்தோஷத்துக்குன்னு ஒரு தலைப்பு வரும். அந்த எடத்துல நான் எல்லா மனுவுலயும் இருபத்தஞ்சாயிரம்னு போட்டுடுவேன். ஏன் அவ்வளவுன்னு இதுவரைக்கும் ஒருத்தரும் கேட்டதில்ல.

அக்கா மனுவுல நான் இன்னொரு வேலையும் பண்ணி வச்சேன். தொழில்ங்கற கட்டத்துல "மீன் வியாபாரம்"னு எழுதினேன். தலைச்சுமையா தெருவுல கொண்டுபோய் விக்கறாங்கன்னு எழுதியிருக்கணும். கை பழக்கம், எழுதிட்டேன். எங்க வக்கீல் காயத்ரி மேடமும் கவனிக்காம கையெழுத்துப் போட்டாங்க.

வெனை அங்கதான் ஆரம்பிச்சுது.

ரெண்டு வருஷம் கழிச்சு அக்காவைக் கூண்டுல ஏத்தினோம். இன்சூரன்சுக்கு வந்த வக்கீல் சத்தம் போடற ஆள் இல்ல, தேன்ல தொட்ட மாதிரி பேசறவரு. "மீன் வியாபாரம்தானேம்மா? உக்காந்தும் விக்கலாம் இல்லீங்களா?"ன்னு ஆரம்பிச்சாரு.

"எடம் இருந்தா விக்கலாம்"னாங்க அக்கா.

"கூடையைத் தூக்கவே முடியலன்னு சொல்றீங்க, சரி. இந்தப் படத்துல இருக்கறது யாரு?"

நானும் எட்டிப் பாத்தேன். அவுங்க ஊரு பஸ் ஸ்டாப்பு. மீன் நெறஞ்ச அன்னக்கூடையை லோகநாயகி அக்கா இன்னொரு பொம்பளை தலையில ஏத்தி விடறாங்க. இன்சூரன்ஸ் கம்பெனிக்காரன் ஆளை விட்டு எடுத்திருக்கான். அதுல தேதியும் இருந்துச்சு, போன மாசம்.

"நான்தான்"னாங்க அக்கா.

"கூடையைத் தூக்கினீங்களா?"

"தூக்கினேன்."

அவரு அதோட உக்காந்துட்டாரு. வேற என்ன வேணும் அவருக்கு?

வெளிய வராண்டாவுக்கு வந்ததும் நான் கத்தினேன். "ஏங்க்கா, உங்களுக்குக் கொஞ்சமாவது அறிவிருக்கா? கேசு நடக்குதுன்னு தெரியுமில்ல? எதுக்குக் கூடையைத் தொட்டீங்க?"

அவுங்களும் விடல. "கத்தாத! ஒருத்தி கூடையைப் புடிச்சிக்கிட்டுக் குனிஞ்சு நிக்கறா, ஒரு கை புடின்னு கூப்புடறா. எனக்குக் கேசு இருக்குடின்னு சொல்லிட்டு நிக்கச் சொல்றியா? எங்க ஊருல செத்தாலும் அப்படிச் சொல்ல மாட்டோம்."

அது உண்மைதான். அந்தக் கரையில அதான் வழக்கம். கூடையைத் தனியாளா தலையில ஏத்திக்க முடியாது, எதிர்ல ஒரு ஆள் புடிச்சு ஏத்தி விடணும். கேட்டு யாரும் மறுக்கக்கூடாது, மறுத்தா அவளோட அன்னிக்கு யாவாரத்தைக் கெடுத்த பாவம். மொத நாள் மயிரைப் புடிச்சுச் சண்டை போட்டவகூட வந்து ஏத்தி விட்டுட்டு மூஞ்சியைத் திருப்பிக்கிட்டுப் போவா.

காயத்ரி மேடம் மட்டும் படத்தையே பாத்துக்கிட்டு இருந்தாங்க. "யாருக்கா இது, தலையில வாங்கிக்கறவங்க?"

"தில்லையம்மா. அவளோட எனக்குப் பேச்சு கிடையாது. ஆறு வருஷமாச்சு. என் தெருவுல பூந்து என் வாடிக்கையைப் புடிச்சா."

"பேச்சே இல்லாதவளுக்கா தூக்கி விட்டீங்க?"ன்னு நான் தலையில அடிச்சுக்கிட்டேன்.

"பேச்சு வேற, கூடை வேற, தம்பி."

மேடம், அந்தத் தில்லையம்மாளையே சாட்சிக்குக் கூப்பிடுவோம்னு சொன்னாங்க. "மேடம், அந்தம்மா ஆகாத ஆளு. கூண்டுல ஏறி நம்ம காலை வாரி விட்டுட்டுப் போயிடும்"னேன். கேக்கல. என்னையே அனுப்பினாங்க.

தில்லையம்மாள் கரையில மத்தி மீனைத் தரம் பிரிச்சுக்கிட்டு இருந்தாங்க. விஷயத்தைச் சொன்னேன். நிமிந்து பாத்து, "அவ அனுப்பினாளா?"ன்னாங்க.

"இல்ல, வக்கீலம்மா அனுப்பினாங்க."

"அவ அனுப்பியிருந்தா வரமாட்டேன். தேதியைச் சொல்லு."

அந்தத் தேதிக்கு வெளுத்த சேலை கட்டிக்கிட்டு வந்து கூண்டுல ஏறினாங்க. லோகநாயகி அக்கா பின் பெஞ்சுல, சொவத்தைப் பாத்து உக்காந்திருந்தாங்க. ரெண்டு பேரும் ஒருத்தரை ஒருத்தர் திரும்பிப் பாக்கல.

இன்சூரன்ஸ் வக்கீல் எழுந்தாரு. "நீங்க அவுங்க சிநேகிதி. அதனால சாதகமா சாட்சி சொல்ல வந்திருக்கீங்க."

"யாரு, நானா? அவளுக்கா?" தில்லையம்மாள் போட்ட சத்தத்துல டவாலி தூக்கிவாரிப்போட்டு எழுந்தாரு. "அய்ய! அவ வாய்க்கு எவ சிநேகிதியா இருப்பா? ஆறு வருஷமா அவ மூஞ்சியைப் பாத்து ஒரு வார்த்தை பேசினதில்ல. ஊரைக் கேட்டுப் பாருங்க."

நீதிபதியே சிரிச்சுட்டாரு.

"சரிம்மா. ஆனா உங்க கூடையை அவுங்கதானே தூக்கி வச்சாங்க? அப்ப நல்லாத்தானே இருக்காங்க?"

தில்லையம்மாள் கையை நீட்டினாங்க. "அந்தப் படத்தை இப்படிக் குடுங்க." வாங்கி, கொஞ்சம் தள்ளிப் புடிச்சுப் பாத்தாங்க. அப்பறம் நீதிபதி பக்கம் திருப்பிக் காட்டினாங்க.

"ஐயா, இது என் கூடை. அவ கூடை எங்க?"

நீதிபதி எட்டிப் படத்தைப் பாத்தாரு.

"அஞ்சரை பஸ்ஸுக்கு அந்த நேரத்துல வந்து நிக்கறவ எல்லாரும் கூடையோடதான் நிப்பா. இவ ஒருத்திதான் வெறுமனே நிக்கறா. ரெண்டு வருஷமா தெனம் வர்றா. தலையில கூடைக்கு அடியில வைப்போமே, சும்மாட்டுத் துணி, அதை மட்டும் மடிச்சு இடுப்புல சொருவிக்கிட்டு வர்றா. நாங்க பத்து பேரு. பத்து பேருக்கும் எடது கையில புடிச்சு, இடுப்பைக் குடுத்து, பல்லைக் கடிச்சிக்கிட்டு ஏத்தி விடறா. இங்க பாருங்க, சோத்துக் கை சும்மா ஓரத்தைத் தொட்டுக்கிட்டு இருக்கு. பஸ்ஸு போனதும் வீட்டுக்குத் திரும்பிப் போறா. தன் தலையில வச்சுக்க முடிஞ்சா, எதுக்கு ஐயா என் தலையில வச்சிட்டுப் போறா?"

நீதிபதி எழுதிக்கிட்டே இருந்தாரு. இன்சூரன்ஸ் வக்கீல் "வேற கேள்வி இல்லை"ன்னு உக்காந்தாரு. நான் திரும்பிப் பாத்தேன். கூண்டுல நின்னப்ப கண்ணு கலங்காத லோகநாயகி அக்கா, முந்தானையை வாயில அடைச்சுக்கிட்டு அழுதுக்கிட்டு இருந்தாங்க. எனக்கு ரொம்ப அவமானமா இருந்துச்சு. ரெண்டு வருஷமா அவுங்ககிட்ட வயசென்ன, வருமானமென்ன, பில்லு எங்க, ரசீது எங்கன்னு கேட்டேன். காலையில எழுந்து இப்ப என்னக்கா பண்றீங்கன்னு ஒரு நாள் கேட்டதில்ல.

தீர்ப்பு வந்துச்சு. தலைச்சுமைத் தொழில் இனிமே இல்ல, உக்காந்து விக்கற அளவுக்குத்தான் உடம்பு இருக்குன்னு சொல்லி, முப்பத்தஞ்சை எண்பதாக்கினாரு நீதிபதி. பத்து லட்சத்துக்கு மேல வந்துச்சு. கம்பெனிக்காரன் மேல்முறையீடு போகாம கட்டிட்டான். தில்லையம்மாளுக்கு நன்றி சொன்னீங்களான்னு அக்காகிட்ட கேட்டேன். "பேச்சே இல்ல, எப்படிச் சொல்றது?"ன்னாங்க.

போன மாசம் மார்க்கெட்டுக்குப் போனேன். லோகநாயகி அக்கா சிமெண்ட் மேடையில, குடைக்குக் கீழ ராணி மாதிரி உக்காந்திருந்தாங்க. நான் போன நேரம் தில்லையம்மாள் தெரு சுத்திட்டு வந்து, மிச்ச மீனை அக்கா மேடையோட ஓரத்துல கொட்டினாங்க. அக்கா நகந்து எடம் விட்டாங்க. ரெண்டு பேரும் ஒரு வார்த்தை பேசல. தில்லையம்மாள் காலிக் கூடையை எடுத்துக்கிட்டுப் போனதும், எனக்குச் சிரிப்பு தாங்கல.

"எடம் எப்படிக்கா?"ன்னு கேட்டேன்.

"எடத்துக்கென்ன, நல்லாத்தான் இருக்கு. மழையில்ல, வெயிலில்ல." "ஆனா தம்பி, அம்மணித் தெருவுல ஒரு வீட்டுல என் குரலைக் கேட்டுத்தான் உலை வைப்பாங்க. மேலத்தெரு ஐஸ்வண்டிக்காரன் என்னைப் பாத்து மணி பாப்பான். இப்ப எவனும் என்னைத் தேடறதில்ல. நடந்து திரிஞ்ச காலு, மடக்கி வச்சிருக்கேன். தலை காலியா இருக்கறது இன்னும் பழகல."

எனக்குத் தெரிஞ்ச ஆறுதலைச் சொன்னேன். "அதுக்கும் தீர்ப்புல போட்டிருக்குக்கா. வாழ்க்கையில இழந்த சந்தோஷத்துக்குன்னு தனியா ஒரு தலைப்பே இருக்கு. மனுவுல கேட்டதை அப்படியே குடுத்திருக்காங்க."

"எவ்வளவு?"

"இருபத்தஞ்சாயிரம்."

மீன் வெட்டிக்கிட்டு இருந்த இடது கை நின்னுபோச்சு. அக்கா சிரிச்சாங்க. "எந்த மடையன் தம்பி இந்த வெலையைச் சொன்னது? என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே."

நான் தராசையே பாத்துக்கிட்டு இருந்தேன். "மத்தி அரைக் கிலோ போடுங்கக்கா"ன்னேன்.

அவுங்க என் மூஞ்சியைப் பாத்தாங்க. அவுங்களுக்குப் புரிஞ்சுபோச்சு. மீனை நிறுத்துப் பையில போட்டாங்க. அன்னிக்கு என்கிட்ட ஒரு ரூபாகூடக் குறைச்சுக்கல.