எலி வெட்டும் கோழி வெட்டும்

அடி அண்ணாமலையில் தனத்தைத் தெரியாத விவசாயி கிடையாது. பௌர்ணமியன்று கிரிவலப் பாதையில் சுக்குக் காப்பி விற்பாள். மற்ற நாட்களில் ஸ்கூட்டியின் பின்னால் மூங்கில் பொறிகளைக் கட்டிக்கொண்டு வயல் வயலாகப் போய் எலி பிடிப்பாள். நாற்பத்தைந்து வயது. வாய் கொஞ்சம் ஜாஸ்தி.

போன மாதம் என் நெல் முற்றுகிற நேரத்தில், ஏரி ஓரமாகத் தாள்கள் மடிந்து கிடந்தன. அங்கே ஒரு நீர்க்கோழி ஐந்து குஞ்சுகளோடு ஜம்மென்று திரிந்துகொண்டிருந்தது. எனக்குக் கோபம் வந்தால் கண்மண் தெரியாது. சாயந்திரமே சோற்றில் விஷ மருந்தைப் பிசைந்து, பன்னிரண்டு உருண்டைகளை வரப்பில் வைத்துவிட்டேன்.

காலையில் பொறி வைக்க வந்த தனத்திடம் இதைப் பெருமையாகச் சொன்னேன்.

"அறிவு இருக்குதாண்ணா உங்களுக்கு?" என்றாள். என்னைச் சேற்றில் இழுத்துக்கொண்டு நடுவயலுக்குப் போனாள். வரப்பிலிருந்தே பயிரைப் பார்த்துவிட்டுத் திரும்புகிற ஆள் நான். நடுவில் வட்டமாக மொட்டை அடித்திருந்தது. ஒவ்வொரு தாளும் சாய்வாக அறுந்து கிடந்தது.

"இது எலி வெட்டுனது. ஓரத்துல மடிஞ்சி கெடக்குதே, அதான் கோழி. கோழி வவுறு ரொம்புனா போயிடும். எலி துன்றது கம்மி, வெட்றது ஜாஸ்தி. மிச்சத்த வளைக்குள்ள கொண்டும்போயி வச்சிக்கும்."

ஓடிப்போய் உருண்டைகளைப் பொறுக்கினேன். பதினொன்றுதான் கிடைத்தது. கோழியையும் காணோம், குஞ்சுகளையும் காணோம். பாவி, ஒரு குடும்பத்தையே கொன்றுவிட்டேனே என்று வரப்பிலேயே உட்கார்ந்துவிட்டேன். தனம் திட்டவில்லை. திட்டியிருந்தால்கூடத் தேவலாம் போலிருந்தது.

"மம்புட்டிய எடுங்கண்ணா" என்றாள்.

வரப்படியில் புதுமண் தள்ளியிருந்த ஒரு வளையைத் தோண்டினாள். முதலில் ஒரு பிடி நெற்கதிர் வந்தது. பிறகு இன்னும் இரண்டு பிடி. அதற்கும் அடியில் என் உருண்டை, ஒரு கடிகூடப் படாமல் முழுசாக இருந்தது.

"கோழிக்கு வச்சதையும் எலிதான் தூக்கினு போயிருக்குது" என்று தனம் சிரித்தாள். எனக்கு அழுகைதான் வந்தது. வெட்கமில்லாமல் அழுதேன்.

பன்னிரண்டையும் ஆழமாகக் குழி வெட்டிப் புதைத்துவிட்டு நிமிர்ந்தபோது, கோரைப் புதரிலிருந்து நீர்க்கோழி வெளியே வந்தது. குஞ்சுகளை எண்ணினேன். ஐந்தும் இருந்தன. நேராக என் வயலுக்குள் இறங்கி, என் கண்ணெதிரிலேயே ஒரு தாளை மடித்துத் தின்னத் தொடங்கியது.

நான் தனத்தின் ஸ்கூட்டியிலிருந்து எலிப்பொறிகளை இறக்கப் போனேன்.