குன்றின் மேல் பல்கலைக்கழகம் வந்த வருடம்

மலேசியாவில், கிள்ளானிலிருந்து ஷா ஆலம் போகும் வழியில், செம்பனைத் தோட்டமாக இருந்த குன்றின் மேல் ஒரு பல்கலைக்கழகம் எழும்பியபோது நான் தமிழ்ப்பள்ளியில் படித்துக்கொண்டிருந்த சிறுமி. குன்றின் அடிவாரத்தில் ஒரு கடை வரிசை. பாதிக் கடைகள் துருப்பிடித்த இரும்புக் கதவுகளோடு மூடிக் கிடந்தன. திறந்திருந்தவற்றில் ஒன்று மாமாவின் சாப்பாட்டுக் கடை. லோரி ஓட்டுகிறவர்கள் நாலு பேர் வந்தால் அது நல்ல நாள். கடையை மூடிவிட்டுத் தொழிற்சாலை வேலைக்குப் போகச் சொல்லி அம்மா தன் தம்பியான மாமாவை நச்சரித்துக்கொண்டே இருந்தார்.

“யூனிவர்சிட்டி திறக்கட்டும்க்கா, அப்புறம் பாருங்க” என்பதுதான் மாமாவின் பதில்.

திறந்த அன்று மாமாவும் அத்தையும் கல்யாண வீட்டுக்குச் சமைப்பதுபோல் சமைத்தார்கள். கோழிப் பிரட்டல், மீன் கறி, அண்டா நிறையச் சோறு. பேருந்துகள் வரிசையாக எங்களைக் கடந்து குன்றேறின. ஒன்றுகூட நிற்கவில்லை. முதல் நாள் என்பதால் மதியச் சாப்பாடு உள்ளேயே போடுகிறார்கள் என்று காவலாளி ஒருவர் வந்து சொன்னார். அத்தை அண்டாவை மூடினார். மாமா வாசலில் போய் நின்றுகொண்டார். அவர் முகத்தைப் பார்க்கவே எனக்குப் பயமாக இருந்தது.

சாயங்கால மழையில்தான் ஓர் அண்ணன் வந்தார். அவ்வளவு உயரமான மனிதரை நான் அதுவரை பார்த்ததில்லை. சூடானிலிருந்து படிக்க வந்தவர் என்பது பிறகு தெரிந்தது. மழைக்கு ஒதுங்கியவர் உள்ளே வரத் தயங்கினார். அவருக்கு மலாய் தெரியாது. எனக்கு ஆங்கிலம் வராது. பையின் வாரைப் பிடித்து இழுத்துப் போய் நாற்காலியில் உட்கார வைத்தேன். வாழை இலையைப் பார்த்ததும் தட்டு எங்கே என்பதுபோல் சுற்றிலும் பார்த்தார். பிறகு கேட்டுக் கேட்டுச் சாப்பிட்டார்.

“காசு வேண்டாம் பாஸ். ஃபர்ஸ்ட் டே லா” என்றார் மாமா.

விளக்கு போடும் நேரத்தில் அந்த அண்ணன் திரும்பி வந்தார். பின்னால் ஒரு பெரும் கூட்டம். சரவாக், மாலத்தீவு, கென்யா என்று நான் பாடப்புத்தகத்தில் மட்டும் பார்த்த இடங்களெல்லாம் எங்கள் மேசைகளில் வந்து உட்கார்ந்தன. அண்டா காலியானது.

“இவ்ளோ பேர யாரு கூப்பிட்டா?” என்று அத்தை கேட்டார்.

“நம்ம மருமக இழுத்துட்டு வந்தாளே, அந்த ஆளுதான்.”

அதன்பின் நடந்ததை நான் வாய் பிளந்து பார்த்துக்கொண்டிருந்தேன். துருப்பிடித்த கதவுகள் ஒவ்வொன்றாகக் கிறீச்சிட்டு மேலேறின. போட்டோஸ்டேட் கடை வந்தது, துணி துவைக்கும் கடை வந்தது, முடிவெட்டும் கடைகூட வந்தது. எதிர்வீட்டு ஆன்டி மாடி அறைகளை மாணவிகளுக்கு வாடகைக்கு விட்டார். அப்பா லோரி ஓட்டுவதை விட்டுவிட்டு, மாணவர்களை ஏற்றிச்செல்ல வேன் வாங்கினார். படிக்க மட்டுமே வந்தவர்கள் ஒரு தெருவையே எப்படி எழுப்பி உட்கார வைத்தார்கள் என்று எனக்கு ஆச்சரியம் தீரவில்லை.

ஓரிரு வருடம் போன பிறகு, மாமாவுக்குக் கடையை வாடகைக்கு விட்டிருந்த கட்டடச் சொந்தக்காரர், புது ஆள் ஒருவரை அழைத்துவந்தார். கோலாலம்பூரில் குளிர்சாதனக் காப்பிக் கடைகள் நடத்துபவராம். அவர் சுவருக்குச் சுவர் அளந்தபோது டேப்பின் மறுமுனையை நான்தான் பெருமையாகப் பிடித்துக்கொண்டேன்.

“கடை பெருசாவப் போவுதா மாமா?”

“ஆமா, பெருசாத்தான் ஆவப் போவுது” என்றார் மாமா. அத்தை உள்ளே போய்விட்டார்.

பள்ளியில் எல்லோரிடமும் சொல்லி முடித்தேன். பெரிதாகப் போகிற கடையின் பெயர்ப்பலகையை மாமா எதற்குக் கழற்றி அப்பாவின் வேனில் ஏற்றுகிறார் என்பது மட்டும் எனக்குப் புரியவில்லை.