கமலத்தை அழைத்துவரத் திருச்சிக்குப் போன வியாழக்கிழமை

யுத்தம் தொடங்குவதற்கு முந்தைய மாசியில், ஒரு வியாழக்கிழமை, வையம்பட்டியிலிருந்து திருச்சிக்குப் போனேன். மலைக்கோட்டை பார்க்க அல்ல, கமலத்தை அழைத்துவர. கமலம் எங்கள் பக்கத்து வீட்டுப் பெண், இருபது வயது. புருஷன் இறந்த பிறகு, வேலை வாங்கித் தருகிறேன் என்று அவளுடைய பெரியப்பா திருச்சிக்குக் கூட்டிப்போய் ஒரு வீட்டில் விற்றுவிட்டார். போலீஸ் வந்தபோது அங்கிருந்த ஆண்கள் வேட்டியை உதறிக் கட்டிக்கொண்டு வீட்டுக்குப் போனார்கள். அவளைப் பெண்கள் காப்பகத்தில் அடைத்தார்கள். ஐந்து மாதம் ஆகியிருந்தது.

அவளை வெளியே விட ஆண் உறவினர் ஒருவர் கையெழுத்துப் போட வேண்டும். நான் பள்ளிக்கூட வாத்தியாரம்மா. என் கையெழுத்து பிள்ளைகளின் சிலேட்டுக்குத்தான் செல்லும். ஆகையால் ஸ்ரீரங்கத்தில் பாத்திரக்கடை வைத்திருக்கும் அவள் அண்ணனுக்கு, வியாழனன்று வந்துவிடுங்கள் என்று கார்டு போட்டிருந்தேன்.

காலை ஏழரை வண்டி, மூன்றாம் வகுப்பு, எட்டணா. எதிரே ஒரு வக்கீல் குமாஸ்தா. எதற்குப் போகிறேன் என்று கேட்டார், சொன்னேன்.

"அவளுக்கும் சம்மதம், வர்றவனுக்கும் சம்மதம். நடுவுல போலீஸுக்கு என்னங்க வேலை? லைசென்ஸ் குடுத்துட்டா தீந்துது" என்றார்.

அவளுக்குச் சம்மதம் என்று இவரிடம் யார் சொன்னது? ஆனாலும் பாதி மனது அவர் பக்கம்தான் சாய்ந்தது. இந்தச் சட்டம் பூட்டியது அவளைத்தானே!

ஜங்ஷனில் இறங்கும்போது ஒன்பதே கால். காப்பகம் ஒரு மைல், நடந்தே போய்விடலாம். ஜட்காக்காரர்கள் நாலணா கேட்பார்கள், மயங்காதீர்கள்.

அண்ணன் வந்திருக்கவில்லை. கமலத்தைக் காட்டினார்கள். மெலிந்திருந்தாள். என் கையைப் பிடித்துக்கொண்டு, "அக்கா, எத்தனை வருஷம் வேணாலும் இங்கயே கெடக்கேன். பெரியப்பா கிட்ட மட்டும் விட்றாதீங்க" என்றாள்.

இதைக் காப்பகத்து அம்மாளிடம் சொன்னேன். நல்ல மனுஷிதான். காகிதங்களைப் புரட்டிப் பார்த்துவிட்டு, "கேஸ்ல அவர் பேரே இல்லீங்களே" என்றார். அண்ணனை நேரில் போய் அழைத்து வருகிறேன் என்று கிளம்பினேன்.

ஸ்ரீரங்கத்துக்கு ஐந்து மைல், பஸ்ஸில் இரண்டணா. காவேரியில் தண்ணீர் கணுக்கால் அளவுகூட இல்லை, வெறும் மணல். கோபுரம் தெரிந்ததும் பஸ்ஸில் எல்லோரும் கும்பிட்டார்கள். நானும் கும்பிட்டேன். பதினொன்றே காலுக்குக் கடையைக் கண்டுபிடித்தேன். அண்ணன் சொம்பு ஒன்றைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"பெரியப்பா போயிருக்காருங்களே. ஒம்பது மணிக்குத்தான் ஒரு லெட்டரும் எழுதி, உங்க கார்டையும் அவர் கையில குடுத்தனுப்பினேன்."

"அவளை வித்தவரே அவர்தாங்க!"

"அதெல்லாம் நான் கேட்டுக்கலீங்க. எனக்கு ரெண்டு பொண்ணுங்க இருக்கு. நான் அங்க போய் நின்னா நாளைக்கு அதுங்கள யார் கட்டுவா?" என்றவர், சொம்பை வைத்துவிட்டு அடுத்ததை எடுத்தார்.

பஸ்ஸுக்குக் காத்திருக்கப் பொறுக்கவில்லை. திரும்பி வர ஜட்காவுக்கு ஒரு ரூபாய். பேரம் பேசவில்லை. பன்னிரண்டே முக்காலுக்குக் காப்பக வாசலில் இறங்கினேன். அவர்கள் போய் ஒரு மணி நேரம் ஆகியிருந்தது.

"அண்ணன் லெட்டர் இருந்துதுங்க. விதிப்படி எல்லாம் சரியா இருந்துது. நான் என்ன செய்ய?" என்றார் அந்த அம்மாள். அவர் கண் கலங்கியிருந்தது. "அந்தப் பொண்ணு அழவே இல்லீங்க. யாரு வந்திருக்கான்னு கேட்டா. சொன்னேன். துணி மூட்டைய எடுத்துக்கிட்டு நடந்துட்டா."

அவளைப் பிறகு நான் பார்க்கவில்லை. நான்கு முறை போய்த் தேடினேன். இந்தத் தொழில் பாதிக்கப்பட்டவர் யாரும் இல்லாத குற்றம், அதைக் குற்றம் என்றே சொல்லக்கூடாது என்று பத்திரிகையில் இப்போது படித்தவர்கள் எழுதுகிறார்கள். கடுமையாக ஒடுக்க வேண்டும் என்று வேறு சிலர் எழுதுகிறார்கள். ஒடுக்கியபோது கையெழுத்துப் போட்டு அவளைக் கொண்டுபோனது அந்தப் பெரியப்பா. லைசென்ஸ் என்று வந்தால் அதையும் அவள் பேரில் அவரே வாங்கி வருவார். எனக்கு எந்தப் பக்கமும் நம்பிக்கை இல்லை.

இந்த மாதிரிக் காரியமாகத் திருச்சிக்குப் போகிறவர்களுக்கு: காப்பகம் பத்து மணியிலிருந்து நாலு மணி வரை. யாருக்கும் முன்கூட்டிக் கார்டு போடாதீர்கள். நேரே ஸ்ரீரங்கம் போய், கையெழுத்துப் போடுகிறவரைக் கையோடு கூட்டிப்போங்கள். விடிகாலை நாலே முக்காலுக்கு ஒரு வண்டி இருக்கிறது. இருட்டில் தனியாக ஸ்டேஷனுக்குப் போக வேண்டுமே என்று பயந்து, நான் ஏழரை வண்டியில் போனேன்.