எரு வண்டிச் சங்கிலி

எரு இறைக்கும் வண்டி, நிறைய மாட்டுச் சாணத்தோடு வயல் நடுவே நின்றுபோனது. வண்டித் தரையோடு ஓடிச் சாணத்தைப் பின்னால் தள்ளும் இரண்டு சங்கிலிகளில் இடப்பக்கத்தது அறுந்திருந்தது. அமெரிக்காவின் விஸ்கான்சினில் மார்ச் மாதத்து ஈரக் குளிர். டெல்மார் ஹாகன்சன் பாரம் முழுவதையும் மண்வாரியால் வாரி இறக்கினார். பக்கத்துப் பண்ணை ஆரினைக் கூப்பிட்டிருந்தால் வேலை பாதியாகியிருக்கும். அவரைத்தான் டெல்மார் கூப்பிடமாட்டார்.

ஆரின் கைவைத்தால் எந்த இயந்திரமும் ஓடும். அதுமட்டும் என்றால் பொறுத்துக்கொள்ளலாம். நாற்பது வருஷத்துக்கு முன்னால் லோர்னாவை இரண்டு கோடைகாலம் நடனத்துக்கு அழைத்துப் போனவர் ஆரின். மூன்றாவது கோடையில் லோர்னா டெல்மாரைக் கட்டிக்கொண்டார். ஆரின் இன்றுவரை கல்யாணமே செய்துகொள்ளவில்லை. அதுதான் டெல்மாருக்கு நெஞ்சில் முள்ளாகத் தைத்தது.

புதுச் சங்கிலி வாங்கி இடப்பக்கம் மாட்டினார். மறுநாள் இரண்டு சங்கிலிகளையும் இணைக்கும் குறுக்குச் சட்டங்கள் கோணிக்கொண்டு, சங்கிலி ஓடாமல் இறுகிவிட்டது. திரும்பவும் பாதிப் பாரத்தை வாரிக் கொட்டிவிட்டு, மீதியோடு வண்டியை முற்றத்துக்கு இழுத்து வந்தார். அங்கே ஆரினின் பழைய டிரக் நின்றது.

"நான்தான் போன் பண்ணேன். உன் முதுகு உடையாம எனக்கு வேணும்" என்றார் லோர்னா.

ஆரின் வண்டிக்கடியில் மல்லாந்து படுத்துப் பார்த்தார். "டெல்மார், ஒரு பக்கம் புதுசு, ஒரு பக்கம் பழசு. பழசு நீண்டு தொங்குது. அப்புறம் சட்டம் எப்படி நேராப் போகும்? ரெண்டையும்ல மாத்தணும்!"

லோர்னா சிரித்தார். அந்தச் சிரிப்பை டெல்மார் கேட்டு எவ்வளவு நாளாகியிருந்தது!

வலப்பக்கத்துக்கும் புதுச் சங்கிலி வந்தது. இரண்டிலும் கண்ணிகளை எண்ணி மாட்டினார்கள். "மெதுவா, ஒரே ஒரு சட்டத்து அளவு நகர்த்து" என்று அடியிலிருந்து ஆரின் குரல் கொடுத்தார். டெல்மார் சங்கிலியை ஓட்டும் பல்சக்கரத்தைக் கடப்பாரையால் நெம்பினார். ஒரு சட்டம், இரண்டு, மூன்று. வண்டியின் பின்வாயிலிருந்து ஒரு கூடைச் சாணம் சரிந்து ஆரினின் கழுத்துக்குள் இறங்கியது.

"அடடா, கை வழுக்கிடுச்சுப்பா!" என்றார் டெல்மார்.

அந்தச் சந்தோஷம் பத்து நிமிஷம்தான் நீடித்தது. குளித்துவிட்டு, டெல்மாரின் நீலச் சட்டையைப் போட்டுக்கொண்டு, டெல்மாரின் நாற்காலியில் உட்கார்ந்து லோர்னா சுட்ட ஆப்பிள் பையைச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார் ஆரின். சட்டை அவருக்கு டெல்மாரைவிட நன்றாகப் பொருந்தியது. பொறுக்கமுடியாமல் டெல்மார் டிராக்டரை எடுத்துக்கொண்டு வயலுக்குப் போனார். வண்டி அருமையாக இறைத்தது. அந்த அருமையும் வயிற்றெரிச்சலாகவே இருந்தது. ஒவ்வொரு திருப்பத்திலும் முற்றத்தைப் பார்த்தார். டிரக் போகவில்லை. கடைசி இரண்டு சால்களை விட்டுவிட்டு வீட்டுக்கு விரைந்தார்.

ஆரின் நாற்காலியிலேயே வாய் திறந்தபடி குறட்டை விட்டுக்கொண்டிருந்தார். லோர்னா உருளைக்கிழங்கு உரித்துக்கொண்டிருந்தார்.

"நீ போனதுல இருந்து தூங்குறான். என்ன பேசிட்டிருப்போம்னு நெனச்ச?"

"ஒண்ணும் நெனைக்கல."

"முப்பத்தெட்டு வருஷமா இந்த மூஞ்சியத்தானே பாக்குறேன்."

டெல்மார் தொப்பியைக் கழற்றினார். "என்னைக் கட்டிக்கிட்டதுக்கு எப்பவாவது வருத்தப்பட்டிருக்கியா?"

லோர்னா கத்தியை நிறுத்தி யோசித்தார். "இன்னிக்கு, அவன் கழுத்துல சாணியக் கொட்டினியே, அப்பக் கொஞ்சம்."

டெல்மாருக்குக் காது சூடானது. போய் ஆரினின் தோளை உலுக்கினார். "ஆரின், கை வழுக்கல. வேணும்னுதான் நெம்பினேன்."

"தெரியும்" என்றார் ஆரின், கண்ணைக்கூடத் திறக்காமல். "நானா இருந்தா வண்டிய முழுசாக் காலி பண்ணியிருப்பேன்."

லோர்னாவுக்குச் சிரிப்பு அடங்கவில்லை. அந்தச் சிரிப்பு யாருக்காக என்று டெல்மாருக்கு அன்றைக்கும் தெளிவாகவில்லை. ஆனாலும் மூன்றாவதாக ஒரு தட்டை எடுத்து மேஜையில் வைத்தார்.