சுகவீன லீவு இல்லாத பிள்ளை

எங்கள் அலுவலகத்தில் மூன்றாவது மேசைக்குப் பக்கத்தில் ஒரு நீலப் பிளாஸ்டிக் கதிரை கிடக்கிறது. அதன்மேல் பூப்போட்ட சின்ன மெத்தையொன்று. பாலமுனையிலிருந்து பயிற்சிக்கு வந்த பிள்ளைக்கு அவளுடைய உம்மா பழைய துணியில் தைத்துக் கொடுத்தது. மேசைக்குரிய மரக்கதிரை அருகிலேயே வெறுமனே கிடந்தது. அதிலிருந்த எழுதுவினைஞர் ஓய்வு பெற்ற பிறகு அந்த இடத்துக்கு யாரையும் எடுக்கவில்லை. நியமனம் பெற்றவர்தான் அதில் இருக்கலாம், பயிலுனர் இருக்கக்கூடாது என்று அதிகாரி சொல்லிவிட்டார். அந்த மேசையின் வேலையை மட்டும் அவள் செய்யலாமாம். நல்ல நியாயம்.

அது அரசாங்கத்தின் பயிற்சித் திட்டம். சம்பளம் கிடையாது, முடிவில் ஒரு சான்றிதழ். காலையில் எங்களுக்கு முன்பே வந்துவிடுவாள். பிறப்புப் பதிவு எடுக்க வரும் முதியவர்களிடம், "இரிங்க வாப்பா, நான் பாத்துத் தாறன்" என்பாள். கொஞ்ச நாளிலேயே வேலை முழுவதும் அவள் தலையில் ஏறிவிட்டது. "பயிற்சி முடிய என்னையே எடுப்பாங்கதானே ராத்தா?" என்று என்னிடம் அடிக்கடி கேட்பாள். இன்ஷா அல்லாஹ் என்பேன். வேறு என்னத்தைச் சொல்வது?

எங்கள் சங்கச் செயலாளர் நானாவுக்கு இந்தத் திட்டம் ஆரம்பத்திலேயே பிடிக்கவில்லை. "சும்மா வேலை செய்ய ஆள் இரிக்கக்குள்ள, சம்பளம் குடுத்து ஆள் எடுக்க யாருக்கு அவசரம்?" என்று கூட்டத்துக்குக் கூட்டம் கேட்பார். பயிலுனருக்குச் சம்பளம் வேண்டும், வெற்றிடத்தை நிரப்ப வேண்டும் என்று சுகவீன லீவுப் போராட்டம் அறிவித்தார்கள். அரச ஊழியர் எல்லோருக்கும் ஒரே நாளில் காய்ச்சல் வருவது நம் நாட்டில் புதினமில்லை. எனக்கும் வந்தது. அவளுக்கோ லீவு என்ற ஒன்றே இல்லை. ஊழியர் இல்லையென்பதால் சங்கத்திலும் சேர்க்க முடியாது. அவளுக்காகச் செய்த போராட்டத்தைப் பற்றி அவளிடம் யாரும் கதைக்கவில்லை. போராட்டத்துக்கு முதல்நாள் அதிகாரிதான் கதைத்தார்: வராவிட்டால் சான்றிதழில் கையெழுத்து வைக்கமாட்டேன் என்று.

போராட்டம் முடிந்த மறுநாள் எங்களுக்கெல்லாம் சுகமாகி நாங்கள் வேலைக்கு வந்தபோது அவள் முகமெல்லாம் சிரிப்பு.

"தனியாத்தான் பாத்தன் ராத்தா. வந்த ஒரு ஆளையும் திருப்பி அனுப்பல்ல."

செயலாளர் நானாவும் அதைக் கேட்டுக்கொண்டு நின்றார். சனம் திரும்பிப் போயிருந்தால்தான் எங்கள் கோரிக்கை மேலிடத்துக்கு உறைத்திருக்கும். பணி எதுவும் தடைப்படவில்லை என்று அதிகாரி அதற்குள் அறிவித்துவிட்டார். நானா அவளை ஏசவில்லை. "நல்லம் மகள், சாப்பிட்டீங்களா?" என்று மட்டும் கேட்டார். வெளியே வந்து என்னிடம், "அந்தப் புள்ளையில பிழையில்ல. நாமதான் அதுக்கிட்டக் கதைக்காம விட்டுட்டம்" என்றார். அவர் கண் கலங்கியதை அன்றுதான் பார்த்தேன்.

அந்த இடத்துக்கு ஆள் எடுக்கவே இல்லை. பயிலுனர்களை வைத்தே காரியத்தை ஓட்டலாம் என்று மேலிடத்துக்குத் தெரிந்துவிட்டது. அதைச் செய்து காட்டியவளே அவள்தான். சான்றிதழோடு போனவள் இப்போது கட்டாரில் ஒரு வீட்டில் பிள்ளை பார்க்கிறாள். பெருநாளைக்குத் தொலைபேசி எடுத்தால் முதலில் சலாம் சொல்வாள். அடுத்த கேள்வி, "அந்தக் கதிரைக்கு ஆள் எடுத்தாச்சா ராத்தா?"

செயலாளர் நானாவும் ஓய்வு பெற்றுவிட்டார். இப்போது அந்த மெத்தையில் இருப்பது காரைதீவிலிருந்து வரும் பிள்ளை. அவளுக்கும் சம்பளமில்லை, அதே மேசை வேலை. நேற்றுப் பின்னேரம் என்னிடம் மெதுவாகக் கேட்டாள்:

"நாளைக்கு உங்க எல்லாருக்கும் சுகமில்லையாமே மிஸ். என்னை மட்டும் வரட்டாம் எண்டு அதிகாரி சொன்னார். நான் வரட்டா?"

வராதே என்றால் அவளுடைய சான்றிதழ் போகும். வா என்றால் பக்கத்துக் கதிரை இன்னும் வெறுமையாகவே கிடக்கும். மெத்தையின் தையல் விட்ட ஓரத்தை விரலால் உள்ளே தள்ளியபடி என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். அந்த மரக்கதிரையை இழுத்துப் போட்டு அவளுக்குப் பக்கத்தில் இருந்தேன்.

"கதைப்பம் புள்ள" என்றேன்.