நான்காம் சனிக்கிழமை நின்ற டோலக்

1957 செப்டம்பர் 7: 41 வெள்ளி.
செப்டம்பர் 14: 68 வெள்ளி.
செப்டம்பர் 21: 117 வெள்ளி.
செப்டம்பர் 28: 203 வெள்ளி. அன்றே திருப்பிக் கொடுத்தது: 203 வெள்ளி.

மெர்டேக்கா என்ற சுதந்திர விழா முடிந்த கையோடு, காஜா பேராங் பகுதி வாசகசாலைக்குக் கூரை போடுவதற்காக நடந்த நாடகத்தின் வசூல் இது. கதையில் ஓர் அரசனும் ஓர் அரக்கனும் மோதுவார்கள். அரசன், லாரி ஓட்டும் சின்னப்பா. அரக்கன், துணிக்கடை தேவதாஸ். இருவரும் ஒரே தட்டில் சாப்பிடும் சிநேகிதர்கள். டோலக் வாசித்தவர் பூங்காவனம், தெங்கேராவில் சைக்கிள் பழுது பார்ப்பவர்.

மேடைச் சண்டை பூங்காவனத்தின் கையில்தான் இருந்தது. முதலில் வாய்ச்சண்டை, அடுத்து கை, பிறகு கழி, கடைசியில் மரக்கத்தி. ஒவ்வொன்றுக்கும் தனித் தாளம். தாளம் மாறாமல் யாரும் அடுத்த படிக்கு ஏறக்கூடாது. டோலக் அதிரும் அதே நொடியில் கை இறங்கும். விழுந்ததுபோல் தோன்றும், மேலே படாது.

முதல் சனிக்கிழமை தேவதாஸின் கை தாளத்தை முந்திவிட்டது. சின்னப்பாவின் உதடு கிழிந்தது. கூட்டத்துக்குத் தெரியக்கூடாதே என்று பூங்காவனம் தாளத்தை அந்த அடியோடு இழுத்துச் சேர்த்துச் சமாளித்தார். ஒத்திகைப்படியே நடந்ததாக எல்லாரும் நினைத்தார்கள். முன்வரிசையில் இருந்த, மலாய் பேசும் செட்டிப் பெண்கள் "லாகி! லாகி!" என்று இன்னும் கேட்டார்கள்.

அடுத்த வாரம் சின்னப்பாவின் கழி முந்தியது. தேவதாஸின் விரல் வீங்கியது. மூன்றாம் வாரம் தேவதாஸின் மரக்கத்தி சின்னப்பாவின் தோளில் விழுந்து முறிந்தது. "வாங்கினதத்தான் திருப்பிக் குடுத்தேன்" என்று இருவருமே சொன்னார்கள். பொய்யில்லை. ஆனால் வாங்கியவனுக்கு அடி எப்போதும் கொஞ்சம் பெரிதாகத் தெரியும். அந்தக் கொஞ்சத்தையும் சேர்த்தே திருப்பினார்கள். ஒவ்வொரு முறையும் டோலக் அதை மூடி மறைத்தது.

நான்காம் வாரம் திரைக்குப் பின்னால் சின்னப்பா காடு வெட்டும் நிஜப் பாராங் கத்தி ஒன்றுக்கு வெள்ளிக் காகிதம் சுற்றிக்கொண்டிருந்தார்.

"என்னடா இது?" என்றார் பூங்காவனம்.

"மரக்கத்திதான் ஒடஞ்சிருச்சேண்ணே. பளபளன்னு இருக்கும் பாருங்க."

"அவன் கழுத்துல பட்டா?"

"என் தோளு வீங்கினப்ப இதக் கேட்டீங்களா? அவன் உங்க செல்லப்பிள்ளயாச்சே!"

பூங்காவனம் தேவதாஸின் இடுப்பைப் பார்த்தார். அங்கேயும் ஒன்று பளபளத்தது.

"நல்ல கூட்டம் பூங்காவனம்," என்றார் வாசகசாலைச் செயலாளர். "இன்னிக்கோட கூரை ஆயிரும். பேசாம வாசிங்கலா."

வாய், கை, கழி மூன்றும் முடிந்தன. கூட்டம் கத்தியைக் கேட்டது. இருவரும் கத்தியை ஓங்கித் தாளத்துக்காக நின்றார்கள். பூங்காவனம் டோலக்கை மடியிலிருந்து இறக்கி வைத்தார்.

"அண்ணே, அடிங்க!" என்றார் சின்னப்பா, வாயோரமாக.

"அடிக்கமாட்டேன். கத்தியக் கீழ வை."

"ஆளுங்க பாக்குறாங்கண்ணே!"

"பாக்கட்டும்."

தாளம் இருந்தால் அடி தாளத்தினுடையது. இல்லாவிட்டால் அடிப்பவனுடையது. ஓங்கிய கைகள் இரண்டும் அப்படியே நின்றன. பிறகு தேவதாஸின் கை தாழ்ந்தது, சின்னப்பாவினுடையதும். யாரோ சிரித்தார்கள். "காசக் குடு!" என்று ஒரு குரல் கிளம்பியது.

கூரை இரண்டு மழைக்காலம் தள்ளிப்போனது. அதன்பின் யாரும் பூங்காவனத்தை மேடைக்குக் கூப்பிடவில்லை. பஞ்சர் ஒட்டிக்கொண்டே அவர் நாளை ஓட்டினார். சின்னப்பா கோபித்துக்கொண்டு சிங்கப்பூருக்குப் போய்விட்டார். அங்கிருந்து 1958இல் வந்த கடிதத்தில் முழுக்க வசவு. 1960இல் வந்ததில் குறை மட்டும். அடுத்த வருடம், கூரை போட்டாயிற்றா என்று ஒரு கேள்வி. ஏறிய படிகளிலேயே இறங்கி வந்துகொண்டிருந்தார்.

கடைசிக் கடிதம் "பூங்காவனம் அண்ணனுக்கு" என்று தொடங்கியது. பக்கத்துச் செமாபோக்கில் சின்னப்பாவின் மகளுக்குக் கல்யாணம். "தேவதாஸ் வர்றேன்னுட்டான். நீங்க டோலக்கோட வாங்க." அது வந்து சேர்ந்த நாள் 1963 ஏப்ரல் 18, வியாழக்கிழமை.