தம்பி வாங்கிய மாலை

என் தம்பிக்கு ஐந்து வயதில் அம்மை வார்த்துப் பார்வை போயிற்று. தாயில்லாப் பிள்ளை. நான்தான் வளர்த்தேன். அந்தப் பெருமை எனக்கு நிறையவே உண்டு. ஆனால் யார் கேட்டாலும் "எங்க வீட்டுக் குருடன்" என்றுதான் சொல்வேன். அவன் பக்கத்தில் இருக்கும்போதும் அப்படித்தான். அது வசவாகவே எனக்குத் தோன்றியதில்லை. ரெண்டாம் வகுப்போடு நின்றவள், யாரும் சொல்லித்தரவில்லை என்று இப்போது சாக்குச் சொல்லலாம். மனசு வரவில்லை.

குற்றாலத்தில் குளிக்க வருகிறவர்களுக்கு எண்ணெய் தேய்த்துவிடுவது அவன் பிழைப்பு. என் மகள் கல்யாணம் தென்காசியில் ஒரு மண்டபத்தில் நடந்தது. தாய்மாமன் மாலை போட்டு, பெண்ணைக் கைபிடித்து மணவறைக்குக் கூட்டிவர வேண்டும். பூக்கடையில் சம்பங்கியைத் தடவித் தடவிப் பார்த்து அவனே கட்டச் சொல்லி வாங்கியிருந்தான். விடிந்ததிலிருந்து மாலையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான்.

"பொண்ணுக்குத் தாய்மாமன் எங்க?" என்றாள் சம்பந்தி.

நாலு பேர் முன்னால் எனக்குக் கூச்சம். "அவன் குருடன், எங்கயாது தட்டி விழுவான். எங்க சித்தப்பா மவன் கூட்டிட்டு வரட்டும்" என்றேன்.

பக்கத்திலேயே இருந்தவன் எழுந்தான். மாலையை நாற்காலியில் வைத்துவிட்டுக் கம்பை எடுத்துக்கொண்டு போனான். பிறகு என் வீட்டு வாசலை மிதிக்கவில்லை.

ரெண்டு வருஷம் கழித்து, சாரல் விழுந்த ஒரு நாள், நானே குற்றாலம் போனேன். எண்ணெய் தேய்த்துக்கொண்டிருந்த ஒருவனிடம், "ஏலே, இங்கன ஒரு குருடன் இருப்பானே, எங்க?" என்றேன்.

"எங்க அண்ணாச்சியவா கேக்கிய? பார்வை இல்லாதவுகன்னு சொல்லுங்க ஆச்சி. இல்லன்னா பேரச் சொல்லுங்க. டீ குடிக்கப் போயிருக்காவ."

"என் கூடப் பொறந்தவன்லே. நான் எப்படியும் சொல்லுவேன்."

"நீங்க சொல்லுததக் கேட்டுத்தான ஆச்சி ஊரும் சொல்லுது?"



தம்பி வந்தான். என் குரலைக் கேட்டு, என்னை உட்காரச் சொன்னான். எனக்கும் ஒரு டீ வாங்கிக்கொடுத்தான். நான் குடித்து முடித்ததும், "அக்கா, அந்த மாலைய யாரு போட்டா?" என்றான்.

பொய் சொல்லத்தான் வாயெடுத்தேன். முடியவில்லை. "யாரும் போடலலே. நாற்காலி மடக்கும்போது கூட்டித் தள்ளிட்டாவ."

"நல்ல வாசமா இருந்துச்சு" என்றான். அவ்வளவுதான்.

வீட்டுக்கு வா என்றேன். வாரேன் என்று சொல்லவில்லை. பஸ் வரைக்கும் வந்து ஏற்றிவிட்டான். பக்கத்து சீட்டுக்காரி, "கம்போட நிக்காவளே, அவுக யாரு ஆச்சி?" என்று கேட்டாள்.

"என் தம்பி" என்றேன்.

பஸ் அதற்குள் கிளம்பிவிட்டது. அவனுக்குக் கேட்டிருக்காது.